இலை மேல் ஐந்து மில்லிமீட்டர்: பயணப் படங்களிலிருந்து சின்ன ஈக்களுக்குப் பெயர் தேடுவது

இலங்கையின் சிங்கராஜா காட்டுப் பாதை, வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் ஓரம், கோலாலம்பூருக்கு வடக்கே உலு கோம்பாக் ஓடைக்கரை. இந்த மாதிரி இடங்களில் ஒரு காலைப்பொழுது நடந்தால் போதும், இலை மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன ஈக்களின் படம் இருபது முப்பதாவது கேமராவில் சேர்ந்துவிடும். ஊர் திரும்பியபின் பறவைகளுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் பெயர் கிடைத்துவிடுகிறது. இவை மட்டும் ‘ஈ’ என்ற ஒரே கோப்புறையில் கிடக்கின்றன. பெயர் கிடைக்காததற்குப் பெரும்பாலும் காரணம், எல்லாப் படமும் மேலிருந்து எடுத்த ஒரே கோணப் படமாக இருப்பதுதான். ஈயைப் பிரித்தறியும் அடையாளங்களில் பாதி முகத்திலும் பக்கவாட்டிலும் இருக்கின்றன. அவை படத்தில் விழவில்லை என்றால் எந்த நிபுணராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் பெயர் தேடும் வேலை ஊரில் அல்ல, அந்த இலைக்கு முன்னாலேயே தொடங்குகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் பாதுகாக்கப்பட்ட காடுகளில் அனுமதியில்லாமல் பூச்சியைப் பிடித்து எடுத்து வரக் கூடாது. ஆக, பயணி கொண்டுவரக்கூடியது படம் ஒன்றுதான். அதை முழுமையாகக் கொண்டுவர வேண்டும்.

முதலில் அது ஈதானா என்று பார்க்க வேண்டும். பேச்சுவழக்கில் சின்னதாகப் பறப்பதெல்லாம் கொசு, கொஞ்சம் பெரிதென்றால் ஈ, மின்னினால் குளவி. படத்தில் எண்ண வேண்டியது சிறகுகளை. ஈக்களுக்கு ஒரு ஜோடிச் சிறகுதான். பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போல வெளிர்நிற உருண்டை ஒன்று காம்பில் நிற்கும். அதுதான் ஹால்டியர், பறக்கும்போது உடலின் திருப்பத்தை உணரும் உறுப்பு. பக்கவாட்டுப் படத்தில் அது தெரிந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. குளவிகளில் பின்சிறகு முன்சிறகோடு கொக்கியிட்டு ஒட்டியிருப்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உணர்கொம்பைப் பார்த்தால் தெளிவாகும். நாம் இங்கே பேசும் ஈக்களில் பெரும்பாலானவற்றுக்கு உணர்கொம்பு மிகக் குட்டை. மூன்று துண்டு, கடைசித் துண்டிலிருந்து ஒரு மெல்லிய மயிர். அந்த மயிருக்கு அரிஸ்டா என்று பெயர். நீளமான, பல கணுக்கள் உள்ள உணர்கொம்பு இருந்தால் அது குளவியாக இருக்கலாம், அல்லது கொசு வகையாக இருக்கலாம்.

கேமராவுக்கு வருவோம். ஒரு சிறு கணக்கு பல ஏமாற்றங்களைத் தவிர்க்கும். பல கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ., படத்தின் அகலம் 6000 பிக்செல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேக்ரோ லென்ஸை 1:1 உருப்பெருக்கத்தில் (பொருள் தன் அளவிலேயே சென்சாரில் விழும்படி) வைத்தால் 3 மி.மீ. ஈ சுமார் 765 பிக்செல் நீளத்துக்கு விழும். குடும்பம் வரை போக இது போதும், தடித்த மயிர்களை எண்ணப் போதாது. லென்ஸ் முன்னால் ரேநாக்ஸ் டிசிஆர்-250 போன்ற ஒட்டு லென்ஸை மாட்டினால் 1:1-ஐத் தாண்டிப் போகலாம். ஆனால் அங்கே குவிய ஆழம் கையை விட்டுப் போய்விடும். 1:1-ல் லென்ஸ் துளையை எஃப்/11 வைத்தால் ஏறக்குறைய 0.9 மி.மீ. ஆழம் தெளிவாக விழும். 2:1-ல் எஃப்/8 வைத்தால் கால் மில்லிமீட்டர்தான். சரி, எஃப்/16, எஃப்/22 என்று மூடிக்கொண்டே போகலாமே என்றால், உருப்பெருக்கம் கூடும்போது நடைமுறைத் துளை இன்னும் சிறிதாகிவிடுகிறது. 2:1-ல் எஃப்/16 என்பது எஃப்/48 போல நடந்துகொள்ளும், ஒளிச்சிதறலால் படம் முழுக்க மங்கிவிடும். அதனால் உருப்பெருக்கம் 1-க்கு எஃப்/11, 2-க்கு எஃப்/8. அதற்கு மேல் மூடாதீர்கள்.

ஃபிளாஷ் கட்டாயம். மரத்தடி இருட்டில் வேறு வழியில்லை. ஆனால் டிஃப்யூசர் (வெளிச்சத்தைப் பரப்பும் திரை) இல்லாத ஃபிளாஷ் உலோகப் பச்சை ஈயின் மார்பில் வெள்ளைத் திட்டாக எரிந்து, அங்கிருக்கும் மயிர்களை முழுதாக விழுங்கிவிடும். பால் வெள்ளை பிளாஸ்டிக் தாளோ, வெள்ளை நுரைத்தாளோ லென்ஸின் முனை வரை வந்து ஈயின் தலைக்கு மேல் கூரைபோல நிற்க வேண்டும். இன்னொன்று, ஃபிளாஷைத் தானியங்கி முறையில் விடாமல் கையால் அளவு வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கி முறையில் உண்மையான வெளிச்சத்துக்கு முன் அளவு பார்க்க ஒரு சிறு மின்னல் அடிக்கும். நீண்ட கால் ஈக்கள் அதற்கே எழும்பிவிடும், காலி இலைதான் படமாகும்.

கைபேசியில் எடுப்பவர்கள் 7, 8 மி.மீ.க்கு மேற்பட்ட ஈக்களில் நல்ல படம் பெற முடியும். ஆனால் கைபேசி தானாகச் செய்யும் கூர்மையாக்கலும் அழகுபடுத்தலும் இந்த வேலைக்கு எதிரி. இரைச்சல் நீக்கும் மென்பொருள் மயிர்களை அழித்துவிடும், ‘தெளிவாக்கும்’ மென்பொருள் இல்லாத மயிரையும் நரம்பையும் வரைந்துவிடும். முடிந்தால் ரா கோப்பாக (மென்பொருள் மெருகேற்றாத மூலப் பதிவாக) எடுங்கள். இல்லையென்றால் எந்த மெருகும் ஏற்றாமல் அப்படியே வையுங்கள்.

ஒரு ஈக்கு நான்கு படம் வேண்டும். நேர் மேலிருந்து ஒன்று: மார்பின் கோடுகளும் வயிற்றின் நிறமும் இதில்தான். பக்கவாட்டில் ஒன்று: கால்கள், ஹால்டியர், வயிற்றின் நுனி. முகத்துக்கு நேராக ஒன்று: உணர்கொம்பு, கண்களின் இடைவெளி, முகப்புள்ளிகள். நான்காவது சிறகுக்காக மட்டும்: கேமராவைச் சிறகின் தளத்துக்கு இணையாக வைத்து, சிறகு முழுவதும் ஒரே குவியத்தில் விழும்படி. இரண்டு சிறகும் ஒன்றின் மேல் ஒன்று மடிந்திருந்தால் நரம்புகள் இரட்டையாகத் தெரிந்து குழப்பும். ஈ கால் தேய்க்கும்போதோ நடக்கும்போதோ சிறகைக் கொஞ்சம் விரிக்கும், அந்த நொடிக்குக் காத்திருக்க வேண்டும். ஓடிப்போகுமே என்ற பயத்தில் வரிசையை மாற்றாதீர்கள். தூரத்தில் நின்று மேற்கோணம் முதலில், நெருங்கிப் போக வேண்டிய முகம் கடைசியில்.

அளவு தெரியாத படம் பாதிப் படம். ஈ பக்கத்தில் ஸ்கேல் வைக்க முடியாது, தேவையும் இல்லை. லென்ஸின் குவிய வளையத்தை 1:1-ல் நிறுத்திவிட்டு, உடலை முன்னும் பின்னும் அசைத்துக் குவியம் பிடியுங்கள். அப்படி எடுத்த படத்தில் மொத்த அகலம் சென்சாரின் அகலத்துக்குச் சமம். ஈயின் நீளத்தைப் பிக்செலில் அளந்து, படத்தின் மொத்த பிக்செல் அகலத்தால் வகுத்து, 23.5-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர் கிடைத்துவிடும். அளந்து முடிக்கும் முன் படத்தை வெட்டிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. கேமராக் கடிகாரத்தையும் மறக்காதீர்கள். இந்திய நேரத்திலேயே விட்டுவிட்டு மலேசியாவில் எடுத்தால் இரண்டரை மணி நேரம் பின்தங்கும். கைபேசியின் ஜிபிஎஸ் பதிவோடு படங்களைப் பொருத்தும்போது ஈ வேறு மலையில் போய் உட்கார்ந்திருக்கும்.

இனிப் படத்தைப் படிப்பது. நிறத்தை முதலில் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உலோகப் பச்சை, கோணம் மாறினால் செம்பு நிறமாகிவிடும். கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈ வெளுத்துப்போய் வேறு இனம் போலவே இருக்கும். சிறகில் தெரியும் வானவில்லும் இப்படித்தான். இருண்ட பின்னணியில் மெல்லிய சிறகு, சோப்பு நுரையைப் போல, நிறங்களைக் காட்டும். அது ஒளிக் குறுக்கீடு, நிறமி அல்ல. அந்த நிற அமைப்பும் இனத்துக்கு இனம் ஒழுங்காக மாறுகிறது என்று ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் காட்டினார்கள். ஆனால் பயணப் படத்தில் அதைச் சிறகுப் புள்ளி என்று எண்ணிவிடக் கூடாது. வெளிர்ப் பின்னணியிலும் மறையாமல் நிற்கும் பழுப்புதான் உண்மையான புள்ளி.

நிறத்தில் ஒன்றே ஒன்று மட்டும் பொன். கூட்டுக்கண்ணின் கோடுகளும் பட்டைகளும். பச்சையும் ஊதாவுமாக மாறி மாறி ஓடும் இந்தக் கோடுகள் உயிருள்ள ஈயில்தான் இருக்கும், காய்ந்த மாதிரியில் மறைந்துவிடும். அருங்காட்சியகத்து ஊசியில் குத்திய ஈயிடம் இல்லாத தகவல் உங்கள் படத்தில் இருக்கிறது. அதனால் கண்ணைத் தனியாக ஒரு படம் எடுத்து வைப்பதில் நேரம் வீணாகாது.

நிறத்துக்குப் பதில் பார்க்க வேண்டியது சிறகு நரம்புகள், அரிஸ்டா எங்கிருந்து கிளம்புகிறது என்பது, கால்களின் நீள விகிதம். இந்த மூன்றை வைத்தே இலை மேல் உட்காரும் ஈக்களில் பெரும்பகுதியைக் குடும்பம் வரை கொண்டுபோகலாம்.

எல்லோர் படத்திலும் இருப்பது நீண்ட கால்களில் உடலை உயர்த்தி நிற்கும் பச்சை ஈ. டோலிகோபோடிடே குடும்பம். தமிழில் இதற்குப் பழகிய பெயர் இல்லை. 4 முதல் 7 மி.மீ., வெயில் விழும் இலையில் குறுகிய ஓட்டமாக ஓடி நிற்கும், அசுவினி போன்ற மென்மையான பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். சாணத்திலும் அழுகலிலும் உட்காரும் பச்சை ஈயோடு சேர்த்துவிடுகிறார்கள். அது தடித்த உடல், குட்டைக் கால், வீட்டு ஈயின் உருவம். நீண்ட கால் ஈயின் சிறகைப் பாருங்கள். நடுவிலிருந்து நுனிக்கு ஓடும் நரம்பு ஒன்று இரண்டாகக் கிளைத்து, மேல்கிளை முழங்கை மடக்கியதுபோல முன்பக்கம் திரும்பினால், சியாபோடினே துணைக்குடும்பம். வெப்பமண்டலத்தில் இலை மேல் காண்பவற்றில் பெரும்பாலானவை இதில்தான் வரும். ஆணின் இனப்பெருக்க உறுப்பு வயிற்றின் அடியில் முன்னோக்கி மடிந்திருக்கும், பக்கவாட்டுப் படத்தில் தெரியும். அதற்கு மேல், பேரினம் சொல்வது கடினம். தானியங்கிச் செயலிகள் கண்டிலோஸ்டைலஸ் என்று சொன்னால் அப்படியே ஏற்க வேண்டாம். அந்தப் பேரினத்தின் பெரும்பகுதி அமெரிக்கக் கண்டங்களில் இருப்பது, படங்களும் அங்கிருந்துதான் குவிகின்றன. நம் பக்கம் கிரைசோசோமா உட்பட வேறு பேரினங்களும் இதே தோற்றத்தில் இருக்கின்றன. ‘சியாபோடினே’ என்று எழுதி நிறுத்துவது தோல்வி அல்ல, சரியான விடை.

இரண்டாவதாகக் குழப்புவது, எறும்பு மாதிரி முன்கால்களை ஆட்டிக்கொண்டு நடப்பவை. மூன்று குடும்பங்கள் இங்கே மோதுகின்றன. முன்கால் மற்ற நான்கையும்விடத் தெளிவாகக் குட்டை, நுனி வெள்ளை, அதை முகத்துக்கு முன் நீட்டி உணர்கொம்பு போல ஆட்டுகிறது என்றால் மைக்ரோபெசிடே. மஞ்சளிலும் இஞ்சியிலும் கிழங்கு ஈ என்று விவசாயிகள் அறிந்த மிமெக்ரல்லா சீருலிஃப்ரான்ஸ் இந்தக் குடும்பம்தான். அதே உருவம், ஆனால் முன்காலும் நீளம், உணர்கொம்பு தொங்காமல் நேராக முன்னே நீட்டிக்கொண்டிருக்கிறது, அரிஸ்டா அதன் நுனியிலிருந்து கிளம்புகிறது என்றால் நெரியிடே. பட்டுப்போன மரத்திலும் சாறு வடியும் பட்டையிலும் தேடுங்கள். முகப்படம் இல்லாமல் இந்த இரண்டையும் பிரிக்கப் போனால் தடுமாறிப் போவோம். மூன்றாவது செப்சிடே. மிகச் சின்னது, கறுத்து மின்னும், இடுப்பு ஒடுங்கி எறும்பின் அச்சு. பலவற்றில் சிறகு நுனியருகே ஒரு கரும்புள்ளி இருக்கும், அதைக் காட்டுவதுபோலச் சிறகை விரித்து விரித்து ஆட்டும். சாணத்தருகே இருந்தால் ஐயமே வேண்டாம்.

கண்கள் காம்பின் நுனியில் நிற்கும் கண்காம்பு ஈயைப் பார்த்த மாத்திரத்தில் எல்லோரும் டயோப்சிடே என்று எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் பார்க்க வேண்டியது உணர்கொம்பு நிற்கும் இடத்தை. டயோப்சிடேயில் அதுவும் காம்பின் நுனிப்பக்கம் கண்ணருகே போய்விடும். நியூ கினியின் அகியாஸ் போன்ற கண்காம்புடைய வேறு குடும்பத்து ஈக்களில் உணர்கொம்பு தலையின் நடுவிலேயே நிற்கும், கண் மட்டும் தள்ளிப் போயிருக்கும். உலு கோம்பாக் ஓடையோரத்தில் மண் அரித்த கரையின் அடியில், பொழுது சாயும் நேரத்தில், தொங்கும் வேர் நூல்களில் டீலியாப்சிஸ் டல்மானி என்ற கண்காம்பு ஈ கூட்டமாக வந்து உட்காரும். ஒரே நூலில் நீளக் காம்புள்ள ஆண் ஒன்றும் குட்டைக் காம்புள்ள பெண்கள் சிலவுமாக இருக்கும். அங்கே முகத்துக்கு நேராகக் குவியம் பிடித்தால் இரு கண்ணும் ஒரே தளத்தில் விழும். சற்றே சாய்ந்தாலும் ஒரு கண் மங்கிவிடும்.

சிறகில் பழுப்புக் கோலம் போட்ட ஈக்களில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு: டெஃப்ரிடிடே, பிளாட்டிஸ்டோமாடிடே. முன்விளிம்புக்கு அடுத்து ஓடும் மெல்லிய நரம்பைப் பாருங்கள். அது விளிம்பை நோக்கி ஏறக்குறைய செங்கோணத்தில் திடீரென ஒடிந்து, மங்கி மறைந்தால் டெஃப்ரிடிடே. மெல்ல வளைந்து போய் விளிம்பில் சேர்ந்தால் பிளாட்டிஸ்டோமாடிடே. இலையில் காய்ந்த பறவை எச்சத்தைச் சுற்றிச் சிறகாட்டி நடப்பது பெரும்பாலும் பின்னதுதான்.

டெஃப்ரிடிடே என்றால் பழ ஈ. அழுகிய வாழைப்பழத்தில் மொய்க்கும் சிவப்புக் கண் டிரோசோஃபிலாவையும் பழ ஈ என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது வேறு குடும்பம், உருவில் பாதிகூட இராது. தோட்டக்காரர் சொல்லும் பழ ஈயின் படம் ஒன்றை அருகில் வைத்துப் படித்துப் பார்ப்போம். கொய்யா இலை, நீளம் 8 மி.மீ., பார்வைக்குக் குளவி. சிறகில் கோலம் இல்லை, முன்விளிம்பில் மட்டும் மெல்லிய பழுப்புக் கோடு, நுனி வரை அகலாமல் ஓடுகிறது. மார்பின் மேல்பகுதி கருமை, அதன் இரு ஓரத்திலும் இரண்டு மஞ்சள் கோடு, நடுவில் கோடு இல்லை. மார்பின் பின்முனையிலுள்ள முக்கோணத் தகடு மஞ்சள். வயிறு செம்பழுப்பு, அதில் கருப்பாக ஆங்கில ‘T’ எழுத்து. வயிறு ஊசியாக முடியவில்லை, ஆகவே ஆண். இதுவரை வந்தால் பாக்ட்ரோசீரா டார்சாலிஸ் கூட்டம் என்று எழுதலாம். இனம் டார்சாலிஸ்தான் என்று எழுத மேற்கோணப் படம் ஒன்று போதாது. தென்னிந்தியாவில் காரியே, இலங்கையில் காண்டியென்சிஸ் என்று அதே கூட்டத்தில் நெருங்கிய உருவங்கள் இருக்கின்றன.

இதே ஈயின் நடு மார்பில் மூன்றாவது மஞ்சள் கோடு இருந்தால் சூகோடேக்கஸ் பேரினத்தின் பக்கம் போங்கள். சிறகு நுனியில் பெரிய திட்டு, உள்ளே இருக்கும் நீளக் குறுக்கு நரம்பின் மேலும் பழுப்புப் பூச்சு என்றால் குக்கர்பிட்டே, பாகல், புடலை, பீர்க்கனில் முட்டையிடுவது. அந்தக் குறுக்கு நரம்பு தெளிவாக இருந்தால் டாவு இனத்தைப் பரிசீலிக்கலாம். சிறகின் முன்விளிம்புக் கோடு முழுமையாக இல்லாமல் நுனியில் ஒரு புள்ளி மட்டும் என்றால் மீண்டும் பாக்ட்ரோசீரா பேரினம்தான், ஜோனாட்டா, கரெக்டா இரண்டில் ஒன்று. இங்கேதான் முகப்படம் விலைமதிப்புள்ளதாகிறது. முகத்தில் இரண்டு தனித்தனி வட்டப் புள்ளிகள் என்றால் ஜோனாட்டா, அவை குறுக்காக நீண்டு ஏறக்குறைய ஒரே கருங்கோடாகச் சேர்ந்திருந்தால் கரெக்டா. இவற்றின் ஆண்களைத் தேட ஒரு நல்ல இடம் துளசிச் செடி. அதிலுள்ள மெத்தில் யூஜினால் மணத்துக்கு டார்சாலிஸ், ஜோனாட்டா, கரெக்டா மூன்றின் ஆண்களும் வரும். குக்கர்பிட்டே வராது.

மற்றவற்றில் சிலவற்றைச் சொல்லிக்கொண்டே போகலாம். முதுகில் பளபளக்கும் ஓடு கவிழ்த்ததுபோல, வண்டு என்றே நம்ப வைப்பது செலிஃபிடே. அந்த ஓடு பெருத்துப்போன மார்புத் தகடுதான், சிறகு அதன் அடியில் மடிந்திருக்கும். முதுகு கூனி, தடித்த நரம்புகள் சிறகின் முன்பக்கம் மட்டும் நெருங்கி, நிற்காமல் விட்டுவிட்டு ஓடுவது ஃபோரிடே. சிலந்தி பிடித்த இரையின் மேல் உட்கார்ந்து பங்கு தின்னும் மிகச் சிறு கருப்பு ஈக்கள் பெரும்பாலும் மிலிகியிடே. கண்ணருகே விடாமல் வந்து மொய்க்கும் சின்ன ஈ குளோரோபிடே குடும்பத்து சிஃபங்குலினா. ஒட்டடையிலும் தொங்கும் கயிற்றிலும் மணி கோத்ததுபோல வரிசையாக உட்கார்ந்திருப்பதும் அதுவே. தலையுச்சியில் மின்னும் பெரிய முக்கோணம் தெரிந்தால் அந்தக் குடும்பம் என்று நம்பலாம். பூவில் நிற்கும் மஞ்சள் பட்டை ஈயின் சிறகு நடுவில் எதனோடும் சேராத பொய் நரம்பு ஒன்று ஓடினால் சிர்ஃபிடே.

சிறகை இரண்டு பக்கமும் தூக்கி விரித்து, இலையின் மேல் அசையாமல், வயிறு வீங்கி வெள்ளைப் பட்டைகளோடு இருக்கும் ஈயைக் கண்டால் அது பூஞ்சை தாக்கி இறந்தது. அந்த வெள்ளை, இனத்தின் அடையாளம் அல்ல. ஆனால் சிறகு நரம்புகளை இவ்வளவு தெளிவாக வேறெந்த ஈயும் காட்டாது, நிதானமாக எடுங்கள். உடலில் ஒட்டியிருக்கும் சிவப்பு உருண்டைகள் உண்ணி வகைச் சிலந்திப்பேன்கள், அவற்றையும் புள்ளி என்று எண்ணிவிடக் கூடாது.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, உயிரினப் படங்களைப் பதிந்து பெயர் கேட்கும் தளத்தில் ஏற்றும்போது நான்கு கோணங்களையும் ஒரே பதிவில் சேருங்கள். தனித்தனியாக ஏற்றினால் ஒரே ஈக்கு நான்கு பெயர் விழும். அடுத்தடுத்து வந்து அதே இலையில் உட்கார்ந்த இரண்டு ஈக்களை ஒன்றென்று எண்ணிச் சேர்த்துவிடுவது இதைவிடப் பெரிய தவறு. படங்களின் நேரமும், சிறகு நுனியின் கிழிசலும் ஒத்துப் போகிறதா பாருங்கள். குறிப்பில் அளவு, என்ன செடி, இலையின் மேலா அடியிலா, பக்கத்தில் என்ன (சாணம், எச்சம், அசுவினிக் கூட்டம், ஓடை) என்று ஒரு வரி எழுதுங்கள். நிபுணர் அந்த ஒரு வரியிலிருந்தே பாதிக் குடும்பங்களை விலக்கிவிடுவார். பல குடும்பங்களில் இனத்தை உறுதி செய்ய ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். அங்கே படத்திலிருந்து இனப்பெயர் சொல்பவர் ஊகிக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். 2003-ல் கென்யாவில் தென்பட்ட ஒரு பழ ஈயை 2005-ல் பாக்ட்ரோசீரா இன்வேடென்ஸ் என்று புது இனமாக விவரித்தார்கள். 2015-ல் அதுவும், தென்கிழக்காசியாவின் பப்பாயேவும் டார்சாலிஸ்தான் என்று ஒன்றாக்கினார்கள். அந்த இடைப்பட்ட பத்தாண்டில் எடுத்த படங்களில் பெயர் மாறியது, மஞ்சள் கோடும் முன்விளிம்புப் பழுப்பும் அப்படியே இருக்கின்றன. வெட்டாத, மெருகேற்றாத படமும் தேதியும் இடமும் கையில் இருந்தவர்கள் பெயரை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டார்கள்.